திருப்பிச் சொல்லாத காபி

1. தாள் ஆடிய நாள்

என் வலது கையை நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார்கள். தாள் ஆடியது. மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் ஆடியது. பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறைக்குப் போர்மேனாக இருப்பவனுக்கு இதைவிடக் கெட்ட காட்சி வேறு இல்லை.

பிள்ளைகளே, அப்பா காலையில் நாரணாபுரம் பஸ் ஏறுகிறார், சாயங்காலம் காதோரம் அலுமினியத் தூளின் வெள்ளிப் பூச்சோடு திரும்புகிறார், குளித்த பிறகுதான் உங்களைப் பக்கத்தில் விடுகிறார் என்பது வரை உங்கள் இருவருக்கும் தெரியும். நடுவில் என்ன நடக்கிறது என்று தெரியாது. அதனால் இதை எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்துப்பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

முதலில் ஒரு வார்த்தையை விளக்கிவிடுகிறேன். எங்கள் பக்கம் மருந்து என்றால் வெடிக்குள் அடைக்கிற கலவை. ஆஸ்பத்திரியில் தருவது மாத்திரை, ஊசி, டானிக். இது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். கம்பெனி மெடிக்கல் கேம்ப்புக்கு வந்த டாக்டரம்மாவுக்குத் தெரியாது. அவர் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர். வயது முப்பதுக்குள் இருக்கும். மரியாதையான பேச்சு.

"ஐயா, தினமும் மருந்து எடுக்கறீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா டாக்டரம்மா. இருபத்தஞ்சு வருசமா."

"எத்தனை வேளை?"

"காலையில மட்டுந்தான். வெயில் ஏறுமுன்ன முடிச்சிருவோம்."

"வெறும் வயித்துலயா?"

"இல்லம்மா, கஞ்சி குடிச்சிட்டுத்தான் உள்ள போவேன்."

"எவ்வளவு எடுப்பீங்க?"

"அது ஆர்டரைப் பொறுத்து. சீசன்ல கூடும்."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "இதை உங்களுக்கு எழுதிக் குடுத்தது யாரு?"

"மேனேஜர் சார்தான். தினம் சீட்டுல எழுதிக் குடுத்துருவாரு."

பக்கத்தில் நின்ற மேனேஜர் இரண்டு எட்டில் முன்னால் வந்தார். "அம்மா, நான் எழுதிக் குடுக்கிறது அந்த மருந்து இல்ல" என்று ஆரம்பித்து, கம்பெனியின் முழு வேலையையும் அவருக்கு விளக்கி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்கள்.

அதற்குப் பிறகுதான் தாள் வைத்துப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றது.

"காபி, டீ உண்டா?" என்றார் டாக்டரம்மா.

விரல் விட்டு எண்ணிச் சொன்னேன். எழுந்ததும் ஒன்று. பல் தேய்த்ததும் ஒன்று. பஸ் ஸ்டாப்பில் கணேசன் கடையில் ஒன்று, பஸ் வரத் தாமதமானால் இன்னொன்று. கம்பெனியில் இரண்டு இடைவேளைக்கும் ஒவ்வொன்று. வேலை முடிந்து இறங்கினால் மறுபடி கணேசன். வீட்டில் ஒன்று. யாராவது விருந்தாளி வந்தால் அவருக்குத் துணையாக ஒன்று. எண்ணிக்கை ஒன்பதில் நின்றது.

"நெஞ்சு படபடப்பு இருக்கா?"

"போனஸ் பேச்சுவார்த்தை அன்னைக்கு இருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. சுகர், தைராய்டு பார்க்க ரத்தம் எடுத்தார். பிறகு, "எனக்குக் காபி மேலதான் சந்தேகமா இருக்குங்க ஐயா. சாதாரணக் காபியை நிறுத்திடுங்க. காபி இல்லாம முடியவே முடியாதுன்னா..." என்று ஏதோ சொன்னார். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு லோடு லாரி பின்பக்கமாக எடுத்தது. லாரி பின்னால் போகும்போது பாட்டு போடுமே, அந்தப் பாட்டு. டாக்டரம்மாவின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. பாட்டுக்கு நடுவில், "டிகாஷன் காபி குடிங்க" என்று என் காதில் விழுந்தது.

நான் தலையாட்டினேன். நன்றாகவே ஆட்டினேன்.

வெளியே வந்ததும் மேனேஜர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "மாடசாமி, பதினஞ்சு நாள் கழிச்சு டாக்டரம்மா திரும்ப வருவாங்க. தாள் ஆடாம நின்னா நீ உள்ள போகலாம். ஆடுச்சுன்னா நான் வேற போர்மேன் பாக்கணும். சீசன் நேரம், காத்திருக்க முடியாது. அதுவரைக்கும் நீ லேபிள் செக்‌ஷன்ல உக்காரு."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மருந்து அறையில் நிதானமான கைக்கு மட்டும்தான் இடம். அவர் இடத்தில் நான் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனாலும் இருபத்தைந்து வருடமாகத் தினமும் காலையில் நடந்துபோன பாதையில், அன்றைக்கு இடது பக்கம் திரும்பாமல் வலது பக்கம் திரும்பினேன். கால் இரண்டு தடவை தானாக இடது பக்கம் போனது.

2. சல்லடையும் சில்லறையும்

இதை இந்த இடத்தில் சொல்லாவிட்டால் மீதி விளங்காது.

மருந்து அறைக்குள் போவதற்கு முறை இருக்கிறது. செருப்பு கூடாது. பருத்தித் துணிதான் போட வேண்டும். தீப்பெட்டி, செல்போன், கொலுசு, சில்லறைக் காசு எதுவும் கூடாது. வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைக் கையால் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். உடம்பில் இருக்கிற மின்சாரம் அதில் இறங்கிவிடும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் சுடலைமுத்து என்பவர் மருந்து அறையில் எனக்கு உதவியாக இருந்தார். நாங்கள் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டுதான் வேலை செய்வோம். ஒருநாள் அவரிடம், "சுடலை, சல்லடை எடுத்துட்டு வா" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். போனவர் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது இரண்டு கையையும் கும்பிடுகிற மாதிரி சேர்த்து வைத்துக்கொண்டு, வாசலைத் தாண்டி உள்ளே நின்றார்.

"அண்ணாச்சி, ஆபீசுல இம்புட்டுத்தான் இருந்துச்சு. மிச்சம் நாளைக்குத் தாராகளாம்."

கை நிறையச் சில்லறை.

சிமென்டுத் தரையில் ஒரு காசு விழுந்து பொறி தட்டினால் போதும். அந்த அறையில் அப்போது எங்கள் இருவரையும் எங்கள் இரண்டு குடும்பத்தையும் முடித்துவைக்கிற அளவுக்கு மருந்து இருந்தது. நான் சத்தம் போடவில்லை. "சுடலை, அப்படியே நில்லு. மூச்சு விட்டுக்கோ. கையை மட்டும் விட்டுராத. இப்ப அப்படியே பின்னால நடந்து போ" என்றேன். அவர் பின்னாலேயே நடந்து வேப்பமரம் வரை போனார். மரத்தடியில் காசைக் கொட்டிவிட்டு உட்கார்ந்தவர் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தார்.

"சல்லடை கேட்டேன் சுடலை" என்றேன்.

"சில்லறைன்னு கேட்டுச்சு அண்ணாச்சி. ஏதோ அவசரச் செலவு போலன்னு நெனச்சேன்."

"கேட்டிருக்கலாம்லா?"

"நீக போர்மேன். உங்ககிட்ட எப்படித் திரும்பக் கேக்க?"

அன்றைக்கு நான் ஒரு சட்டம் போட்டேன். மருந்து அறையில் யார் எதைச் சொன்னாலும், கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. "சல்லடை" என்றால் "சல்லடை" என்று சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும். புதிதாக வந்தவர்கள் இதைக் கேலி செய்வார்கள், கிளிப்பிள்ளைக் கம்பெனி என்பார்கள். செய்துவிட்டுப் போகட்டும். மேனேஜருக்குச் சட்டம் பிடித்துப்போய், பலகையில் எழுதி எல்லா அறையிலும் மாட்டிவிட்டார். சுடலையை வாசல் வாட்ச்மேனாகப் போட்டார்கள். காசு கொண்டுவந்தவருக்கே காசு பிடிக்கிற வேலை. அதிலிருந்து ஒரு ஐம்பது பைசா கூட அவரைத் தாண்டி உள்ளே போனது இல்லை.

இப்படிச் சட்டம் போட்டவன், டாக்டரம்மாவிடம் திருப்பிச் சொல்லவில்லை. சுடலை என்னைப் பார்த்துத் திரும்பக் கேட்கப் பயந்த மாதிரியே, நான் அவருடைய ஸ்டெதஸ்கோப்பைப் பார்த்துப் பயந்துவிட்டேன்.

3. மயில் தண்ணி போட்டது

லேபிள் செக்‌ஷனுக்கு முனீஸ்வரிதான் மூத்த ஆள். போன வருடம் வரை அவள் மருந்து அடைக்கிற அறையில் இருந்தாள். மகனுக்குக் காய்ச்சல் என்று தூங்காமல் வந்த ஒருநாள், கண் சொருகுவதைப் பார்த்து, "கை நிதானமில்லாம உள்ள வராத" என்று நான்தான் அவளை லேபிளுக்கு அனுப்பினேன். ஒரு வாரம்தான் சொன்னேன். அவளுக்கு அந்த இடம் பிடித்துப்போய் அங்கேயே இருந்துவிட்டாள். ஆனால் நான் சொன்ன வாக்கியத்தை மட்டும் பத்திரமாக வைத்திருந்தாள்.

"வாங்க அண்ணாச்சி. கை நிதானமா இருக்கா? இங்கன உக்காருங்க" என்று எனக்கு ஒரு பலகை போட்டாள்.

வேலை சுலபம். வட்டமான பெட்டியில் மயில் படம் போட்ட லேபிளை நேராக ஒட்ட வேண்டும். நான் ஒட்டிய முதல் பெட்டியை முனீஸ்வரி எடுத்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இந்த மயில் தண்ணி போட்டிருக்கா?"

இரண்டாவது பெட்டியில் மயில் படுத்திருந்தது. மூன்றாவதில் தலைகீழாக நின்றது. "பரவால்ல அண்ணாச்சி, புது டிசைன்னு சொல்லி வடக்க அனுப்பிருவோம்" என்றாள். அந்த அறையில் பதினாறு பெண்கள். பதினாறு பேரும் சிரித்தார்கள்.

எனக்குள் ஒரு வைராக்கியம் வந்தது. டாக்டரம்மா சொன்னதை ஒரு சொட்டுக் குறையாமல் செய்துவிடுவது. பஸ் ஸ்டாப்பில் கணேசனிடம் போய், "இன்னையிலருந்து எனக்குச் சாதாரணக் காபி வேண்டாம். டாக்டரு டிகாஷன் காபி குடிக்கச் சொல்லிட்டாக" என்றேன்.

கணேசன் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தார். இருபது வருடமாகக் காபி போடுகிறவர், இப்படி ஒரு நாளுக்காகவே காத்திருந்தவர் மாதிரி என்னைப் பார்த்தார். "டாக்டரே சொல்லிட்டாகளா? பாருங்க, நான் அப்பமே சொன்னேன். பாலைக் கொட்டிக் குடிச்சா அது காபியா? காபின்னா டிகாஷன். பால் சும்மா பேருக்கு, சாட்சிக்கு நிக்கணும்."

முதல் டிகாஷனை அப்படியே ஊற்றி, ஒரு கரண்டி பால் விட்டுத் தந்தார். தார் ரோடு மாதிரி இருந்தது. மருந்துதானே என்று கண்ணை மூடிக் குடித்தேன்.

வீட்டில் உங்கம்மா மட்டும் சந்தேகப்பட்டாள். "காபின்னாலே டிகாஷன்லதான போடுதோம். இதுல என்ன வைத்தியம் இருக்கு?"

"படிச்சவுக சொன்னா ஒரு காரணம் இருக்கும்."

"ஒரு போனைப் போட்டுக் கேளுங்களேன்."

"அவுகளுக்கு ஆயிரம் வேலை. இதப் போயி கேப்பாகளா?"

மறுநாளே அவள் சிவகாசிக்குப் போய்ப் பெரிய பில்டர் ஒன்று வாங்கிவந்தாள். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், "எதுக்கும்மா இம்புட்டுப் பெருசு" என்று நீங்கள் கேட்டதற்கு, "உங்கப்பாவுக்கு வைத்தியம்" என்றாளே, அது இதுதான். அப்படியே இருக்கன்குடி மாரியம்மனுக்கு மாவிளக்கும் நேர்ந்துகொண்டாள். டாக்டரை நம்பியது பாதி, ஆத்தாளை நம்பியது பாதி.

பத்து நாளில் என் நிலைமை இப்படி ஆனது. படுத்தால் தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் நெஞ்சுக்குள் சரவெடி. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் கம்பி ஆடியது. கண்டக்டர் டிக்கெட் நீட்டினால் அதைப் பிடிக்க இரண்டு தடவை கையை வீச வேண்டியிருந்தது. வியாதி முற்றிவிட்டது என்று பயந்தேன். பயந்து, வைத்தியத்தைக் கூட்டினேன். ஒன்பது டம்ளர் பதினொன்றானது.

லேபிள் செக்‌ஷனில் முனீஸ்வரி என்னைப் பெட்டி அடுக்குகிற வேலைக்கு மாற்றினாள். "ஒட்டுற வேலைக்கும் கை நிதானம் வேணும்லா அண்ணாச்சி" என்றாள். இந்தத் தடவை அவள் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

4. லாரி தின்ற எழுத்து

பதினைந்தாம் நாள் டாக்டரம்மா வந்தார். தாளை வைத்தார். தாள் ஆடவில்லை, பறந்தது. மேஜைக்குக் கீழே போய் விழுந்ததை மேனேஜர் குனிந்து எடுத்தார். அவர் நிமிர்ந்தபோது முகத்தில் முடிவு தெரிந்தது. புது போர்மேன் யார் என்பது வரை அதில் எழுதியிருந்தது.

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சுகர் இல்ல. தைராய்டும் சரியா இருக்கு. அப்புறம் ஏன் கூடியிருக்கு? ஐயா, காபியை நிறுத்தினீங்களா?"

"சாதாரணக் காபியைத் தொடவே இல்லம்மா. நீங்க சொன்னதுதான். பதினஞ்சு நாளும் அதுதான்."

"என்ன குடிச்சீங்க?"

"டிகாஷன் காபி. பால்கூடப் பேருக்குத்தான். சில நேரம் அதுவும் இல்ல."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "எத்தனை டம்ளர்?"

"முதல்ல ஒம்போது. சரியாகலைன்னு பதினொண்ணு ஆக்கினேன்."

"ஐயா, நான் சொன்னது டிகாஃப்."

"அதாம்மா. டிகா..."

"டிகாஷன் இல்லைங்க. டிகாஃப். கடைசியில ஃப். காஃபீனை எடுத்துட்ட காபி."

லாரி எதுவும் பின்னால் வரவில்லை. அன்றைக்கு வந்திருக்கலாம்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். காபிக்கொட்டையில் காஃபீன் என்று ஒரு பொருள் இருக்கிறது. தூக்கத்தை விரட்டுவதும், அளவு மீறினால் நெஞ்சைப் படபடக்க வைப்பதும், கையை ஆட்டுவதும் அதுதான். கொட்டை பச்சையாக இருக்கும்போதே அதை ஊறவைத்து, அந்தப் பொருளைப் பெரும்பகுதி எடுத்துவிடுவார்கள். அப்புறம்தான் வறுப்பார்கள். மணம் இருக்கும், கசப்பு இருக்கும். ஆட்டுகிற சரக்கு மட்டும் இருக்காது. இருந்தாலும் துளி இருக்கும்.

எனக்கு விளங்கிவிட்டது. "அப்ப, காகிதம் இருக்கு, திரி இருக்கு, மருந்தை மட்டும் எடுத்தாச்சு."

"அதேதான்" என்றார் டாக்டரம்மா. பிறகு அவரால் முடியவில்லை. ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்தார்.

மேனேஜர் சிரிக்கவில்லை. சுவரில் என் சட்டம் எழுதியிருந்த பலகையை எனக்குக் காட்டினார். "இது யாரு போட்டது மாடசாமி?"

"நான்தான் சார்."

"அந்தம்மா சொன்னப்ப நீ என்ன செஞ்ச?"

"தலையாட்டினேன் சார்."

"சுடலை ஒரு தடவை ஆட்டினான், வாட்ச்மேன் ஆனான். உன்னை எங்க போட?"

பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டாக்டரம்மாதான் எனக்காகப் பேசினார். பாதித் தப்பு தன்னுடையது, எழுதித் தந்திருக்க வேண்டும், இன்னும் பதினைந்து நாள் கொடுத்துப் பாருங்கள் என்றார். மேனேஜர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு, "கடைசித் தடவை" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"ஐயா, இப்போ கவனமாக் கேளுங்க. பதினொண்ணை ஒரே நாள்ல நிறுத்த வேண்டாம், தலைவலி வரும். கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு, அதுக்குப் பதிலா டிகாஃப் சேருங்க. நாலஞ்சு நாள் கஷ்டமா இருக்கும்" என்றார் டாக்டரம்மா.

"பதினொண்ணை ஒரே நாள்ல நிறுத்தக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும். அதுக்குப் பதிலா டிகாஃப். நாலஞ்சு நாள் தலைவலி வரலாம்" என்று நான் திருப்பிச் சொன்னேன்.

"கடைசி எழுத்து?"

"ஃப்."

நம் பக்கம் அந்த எழுத்தை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. ஃபேன் என்பதைப் பேன் என்றுதான் சொல்வோம், பேனைத் துடைக்கச் சொன்னால் மின்விசிறியைத் துடைப்போம். என் பிழைப்பு அந்த ஒற்றை எழுத்தில் தொங்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

5. மருந்து எடுத்த காபி

சிவகாசியில் காபிக்கொட்டை அரைத்துத் தருகிற கடையில் போய்க் கேட்டேன். கடைக்கார அண்ணாச்சி மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார், "காபில இருந்து எதை எடுக்கணும்?"

"காஃபீனை."

"அத எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கும்?"

"காபி."

"அது எப்படிவே? கருப்பட்டில இருந்து இனிப்ப எடுத்துட்டுக் கருப்பட்டி தாங்கன்னு கேப்பீகளா? வேணும்னா வெறும் சிக்கரி தாரேன், அதுல ஒண்ணும் கிடையாது." சும்மா சொன்னாலும் அவர் சொன்னது சரிதான். சிக்கரியில் காஃபீன் இல்லை என்று டாக்டரம்மாவே பிறகு சொன்னார்.

கடைசியில், கௌசல்யா, நீதான் போனில் ஆர்டர் போட்டாய். எதற்கு என்று கேட்டதற்கு, "ஆபீசுல ஒருத்தருக்கு" என்றேன். அந்த ஒருத்தர் நான்தான்.

பாக்கெட் வந்தது. உங்கம்மா பிரித்து மோந்து பார்த்தாள். காபி வாசம்தான். முதல் டம்ளரைக் குடித்தேன். காபி மாதிரியே இருந்தது. ஆனால் குடித்து முடித்த பிறகு, எதற்கோ காத்திருந்தேன். வழக்கமாக நெற்றிக்குள் ஒரு விளக்கு எரியும். அன்றைக்கு யாரும் சுவிட்சைப் போடவில்லை.

டாக்டரம்மா சொன்ன தலைவலி மூன்றாம் நாள் வந்தது. தலைக்குள் யாரோ பெட்டி அடுக்குகிற மாதிரி. கொட்டாவி விட்டு விட்டுத் தாடை வலித்தது. கணேசன் கடை வாசலைத் தாண்டும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நடந்தேன். அவருக்கு வருத்தம். "என்ன அண்ணாச்சி, என் கை மேல கோவமா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் நெடுநேரம் யோசித்து, "அப்ப பதினஞ்சு நாளா உங்கள நான்தான் ஆட்டுவிச்சனா?" என்றார். மறுநாள் எனக்கென்று ஒரு தனி டப்பா வைத்து, அதில் நான் கொடுத்த டிகாஃப் தூளைப் போட்டு, மேலே கரியால் பெரிதாக "ஃப்" என்று எழுதிவிட்டார்.

லேபிள் செக்‌ஷனில் என் கதை எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. முனீஸ்வரி என் பிளாஸ்க்கிலிருந்து ஒரு மூடி வாங்கிக் குடித்துப் பார்த்துவிட்டு, "இது நமுத்த வெடில்லா அண்ணாச்சி. பத்த வைக்கலாம், வெடிக்காது" என்றாள். மழையில் ஈரம் பட்ட வெடியைத்தான் நமுத்த வெடி என்போம். அன்றையிலிருந்து கம்பெனியில் அதற்கு நமுத்த காபி என்றே பெயர்.

இந்த இடத்தில் இன்னொரு தப்பும் செய்தேன், மறைக்காமல் எழுதுகிறேன். நமுத்தது என்றால் எவ்வளவு குடித்தாலும் ஒன்றும் செய்யாதுதானே என்று ஒருநாள் எட்டு டம்ளர் குடித்தேன். சாயங்காலம் நெஞ்செரிச்சல் வந்து, புளிச்ச ஏப்பமாக விட்டேன். இந்தத் தடவை நானே போன் போட்டேன். டாக்டரம்மா எடுத்தார். அவருக்கு ஆயிரம் வேலை இருந்திருக்கும், ஆனாலும் எடுத்தார். "காஃபீனை எடுத்தாலும் காபியில இருக்கற மத்த சமாச்சாரம் அப்படியேதான் இருக்குங்க ஐயா. வயித்துக்கு ஆகாதவங்களுக்கு இதுவும் எரியும். ரெண்டு, மிஞ்சினா மூணு டம்ளர். அதுவும் வெறும் வயித்துல வேண்டாம்" என்றார்.

"ரெண்டு, மிஞ்சினா மூணு. வெறும் வயித்துல வேண்டாம்" என்றேன்.

ஒரு வாரம் கழித்துத் தலைவலி போனது. அதற்கு அடுத்த நாள் நான் படுத்ததும் தூங்கிவிட்டேன். உங்கம்மா பயந்துபோய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாளாம்.

6. பலகையில் ஒரு வரி

இரண்டாவது பதினைந்தாம் நாள். அதே மேஜை, அதே தாள். மேனேஜர், டாக்டரம்மா, ஜன்னலுக்கு வெளியே லேபிள் செக்‌ஷனின் பதினாறு பேர். வேலை நேரத்தில் எப்படி வந்தார்கள் என்று மேனேஜர் கேட்கவில்லை.

கையை நீட்டினேன். தாளை வைத்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு முனீஸ்வரியின் குரல்தான் கேட்டது. "அண்ணாச்சி, கண்ணத் திறங்க. மயில் நேரா நிக்கு."

தாள் அசையாமல் இருந்தது.

மேனேஜர் என் தோளைத் தட்டி, "நாளைக் காலையில உள்ள போ" என்றார்.

"நாளைக் காலையில உள்ள போகணும்" என்று திருப்பிச் சொன்னேன்.

மறுநாள் வாசலில் சுடலை என்னை நிறுத்தினார். இருபத்தைந்து வருடமாக எனக்குத் தெரிந்தவர், முன்பின் பார்க்காத ஆளைச் சோதிப்பது போலச் சோதித்தார். "தீப்பெட்டி?" "இல்ல." "செல்லு?" "இல்ல." "சில்லறை?" "இல்ல." வழக்கமாக அத்தோடு விட்டுவிடுவார். அன்றைக்கு விடவில்லை. "டிகாஷன்?" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. பன்னிரண்டு வருடம் காத்திருந்த மனுஷன்.

"இல்ல" என்றேன். செம்புத் தகட்டைத் தொட்டேன். உள்ளே போனேன்.

அவர் அதோடு நிற்கவில்லை. மருந்து அறைக்குள் கொண்டுவரக் கூடாதவை என்று வாசலில் ஒரு பலகை இருக்கிறது. அதில் கடைசி வரியாகச் சாக்பீஸால் டிகாஷன் என்று எழுதி வைத்துவிட்டார். யாரும் அழிக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்துப் பாதுகாப்புச் சோதனைக்கு வந்த ஓர் அதிகாரி அந்தப் பலகையை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே வந்தார். கடைசி வரியில் நின்றார்.

"இது என்ன கெமிக்கல்?" என்று மேனேஜரிடம் கேட்டார்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். "எங்க போர்மேன் கையில பட்டா ரொம்ப ஆபத்துங்க சார்" என்றார். அதிகாரி தலையாட்டிவிட்டுக் குறித்துக்கொண்டார். அவரும் திருப்பிக் கேட்கவில்லை.

பிள்ளைகளே, டிகாஃப் நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்டால், எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். காபி ஒத்துக்கொள்கிறவர்களுக்கு அது தேவையே இல்லை. என்னைப் போலக் கை ஆடுகிறவர்களுக்கு, நெஞ்சு படபடக்கிறவர்களுக்கு, தூக்கம் வராதவர்களுக்கு அது ஒரு வழி. அதுவும் அளவோடு. உங்களுக்கு எது என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லுங்கள். படித்தவர் என்ன நினைப்பாரோ என்று வெட்கப்பட்டுத் தலையாட்டிவிட்டு வராதீர்கள். என் கை ஆடியதால் யாருக்கும் ஆபத்து வரவில்லை, அதை டாக்டரம்மா சரியான நேரத்தில் பார்த்துவிட்டார். என் தலை ஆடியதைத்தான் யாரும் பார்க்கவில்லை.

இதைப் படித்து முடித்ததும், இரண்டு பேரும் என்னிடம் வந்து என்ன புரிந்தது என்று சொல்ல வேண்டும். "சரிப்பா" என்று தலையாட்டினால் செல்லாது.